“எவ்வளவு வரை போவீர்கள்?” – வீடு வாங்குவோர் கேள்வி பதில்

வீடு வாங்கப் புறப்பட்டவர்களின் கடிதங்கள் இந்த மாதம் மேசையில் குவிந்திருக்கின்றன. தென் லண்டனில் ஒரு சொலிசிட்டர் (சட்டத்தரணி) அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் வீட்டுப் பத்திர வேலை பார்த்தவள் நான். அங்கே கண்டதையும் எங்கள் சொந்த வீட்டில் பட்டதையும் வைத்தே பதில் எழுதுகிறேன். இது இங்கிலாந்து முறை. ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு. அங்கே ஒஃபரே, அதாவது வாங்குகிறவர் தருவதாகச் சொல்லும் விலையே, சொலிசிட்டர் மூலம்தான் போகும்.

கேள்வி: அக்கா, தோர்ன்டன் ஹீத்தில் மூன்று அறை வீடு ஒன்று பார்த்தோம். கேட்ட விலை 465,000 பவுண். எங்களுக்கு இது முதல் வீடு, மனதுக்குப் பிடித்துவிட்டது. 455,000 என்று ஒஃபர் போட்டோம். மறுநாள் ஏஜென்ட் போன் எடுத்து, வேறு இரண்டு பேரும் ஒஃபர் போட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் எல்லாரும் கடைசி விலையைத் தரவேண்டும் என்கிறார். “உங்களால் எவ்வளவு வரை போக முடியும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவர்களுடைய மோர்கேஜ் (வீட்டுக்கடன்) ஆலோசகரோடு பேசினால்தான் எங்கள் ஒஃபரை வீட்டுக்காரரிடம் கொண்டுபோவாராம். வங்கி எங்களுக்கு 490,000 வரையான வீட்டுக்குக் கடன் தர ஒத்துக்கொண்டிருக்கிறது. பத்து வீதம் டிப்பொசிட் கையில் இருக்கிறது. மச்சான், “475 போடு, பிறகு சர்வேயை (வீட்டின் பழுதுகளைப் பார்க்கும் ஆய்வை) சாட்டிக் குறைக்கலாம்” என்கிறார். உண்மையில் அந்த இரண்டு பேர் இருக்கிறார்களா? நாங்கள் என்ன செய்வது? – வாசகி, குரொய்டன்

பதில்: தங்கச்சி, அந்த 490 ஐ ஏஜென்டிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இதுவரை சொல்லாவிட்டால் இனியும் சொல்லவேண்டாம்.

1998 இல் நோர்பரியில் நாங்கள் முதல் வீடு பார்த்தபோது கேட்ட விலை 84,950. நாங்கள் 78,000 போட்டோம். ஏஜென்ட் பண்பான மனிதர். உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார், பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வயது என்று விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, வங்கி எவ்வளவு வரை தரும் என்று கேட்டார். என் கணவருக்கு எதையும் ஒளித்துப் பழக்கமில்லை. “83 வரை பார்க்கலாம்” என்றார். மறுநாள் காலை போன் வந்தது: வீட்டுக்காரர் 83,000 என்றால் சம்மதமாம். 82,500 என்று வரவில்லை, 83,500 என்றும் வரவில்லை. அந்த 83 க்காக இரண்டு வருடம் சனி ஞாயிறுகளில் நான் கடையில் நின்றேன். ஏஜென்ட் எங்களிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவருக்குக் காசு கொடுப்பவர் விற்பவர். வாங்க வந்தவர் வாயிலிருந்து வந்ததை விற்பவருக்குச் சொல்வது அவர் வேலை, அதை அவர் செய்தார். எங்கள் பக்கம் ஆள் இல்லை என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

இனி அவருடைய கணக்கைப் பாருங்கள். கமிஷன் ஒன்றரை வீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பத்தாயிரம் பவுண் கூட்டிக் கொடுத்தால் அவருடைய நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 150 பவுண். வீடு விற்காமல் போனால் அவர்கள் இழப்பது ஏழாயிரத்துக்குக் கிட்ட. ஆகவே அந்த ஏஜென்டுக்கு உண்மையான பயம், விலை கொஞ்சம் குறைவது அல்ல. ஒத்துக்கொண்ட ஆள் மூன்று மாதம் கழித்துக் கைவிரிப்பதுதான். இதனால்தான் நான் எல்லாரிடமும் சொல்வது, தொகையோடு சேர்த்து நிச்சயத்தையும் கொடுங்கள் என்று. உங்களுக்கு விற்கவேண்டிய வீடு கிடையாது. உங்களுக்குப் பின்னால் செயின், அதாவது ஒரு வீடு விற்றால்தான் அடுத்தது வாங்கலாம் என்ற சங்கிலி, இல்லை. வங்கி சம்மதம் கையில் இருக்கிறது. சொலிசிட்டர் பெயரையும் இன்றைக்கே சொல்ல முடியும் என்றால், பத்தாயிரம் கூடப் போட்டு, ஆனால் தன் வீட்டை இன்னும் விற்காமல் இருப்பவரைவிட நீங்கள் விற்பவருக்கு நல்ல ஆள். விற்பவர் அதிக விலையைத்தான் எடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அந்த இரண்டு பேர் இருக்கிறார்களா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. இல்லாத ஒஃபரை இருப்பதாக ஏஜென்ட் சொல்வது சட்டத்துக்கு விரோதம் என்பதைச் சொல்ல முடியும். எஸ்டேட் ஏஜென்ட்களுக்கு 1979 இல் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் 1991 இல் வந்த ஆணையில் இது தெளிவாக இருக்கிறது. மற்றவர்களின் தொகையை உங்களுக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “வேறு இரண்டு ஒஃபர்கள் எழுத்தில் வந்திருக்கின்றன என்பதை உறுதிப்படுத்துவீர்களா? அவர்கள் தங்கள் வீட்டை விற்றுத்தான் வாங்கவேண்டிய நிலையில் இருக்கிறார்களா?” போனில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர்கூட எழுதும்போது நிதானிப்பார். “இரண்டு ஒஃபர்” என்று போனில் கேட்டது, எழுத்தில் “இரண்டு பேர் ஆர்வம் காட்டியிருக்கிறார்கள்” என்று மாறி வந்ததை எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆர்வம் வேறு, ஒஃபர் வேறு.

மோர்கேஜ் ஆலோசகர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. “எங்கள் ஆலோசகரைப் பார்த்தால்தான் ஒஃபர் போகும்” என்று ஏஜென்ட் சொல்வதை அதே 1991 ஆணை தடுக்கிறது. ஏஜென்டுக்கு வரும் ஒவ்வொரு ஒஃபரையும் தாமதமில்லாமல், எழுத்தில், விற்பவருக்கு அவர் தெரிவிக்கவேண்டும். இன்ன விதமான ஒஃபரைக் கொண்டுவர வேண்டாம் என்று விற்பவரே சொல்லியிருந்தால் மட்டும்தான் விலக்கு. அவர்களுடைய சேவையை நீங்கள் எடுக்கவில்லை என்பதற்காக உங்களைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. உங்களால் வாங்க முடியுமா என்று பார்க்க வங்கியின் சம்மதக் கடிதத்தைக் கேட்கலாம். அது நியாயமான கேள்வி, கொடுங்கள். ஆனால் 490,000 வீட்டுக்கான கடிதத்தைக் கொடுத்தால் வாயால் சொல்லாததைக் காகிதம் சொல்லிவிடும். நீங்கள் போடும் விலைக்கு ஏற்றபடி புதிதாக ஒரு கடிதம் தரும்படி உங்கள் வங்கியிடமோ புரோக்கரிடமோ கேளுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே தருவார்கள். அந்த ஆலோசகரோடு உட்கார்ந்தால் நடப்பதும் இதுதான்: உங்கள் சம்பளம், சேமிப்பு, உச்சம் எல்லாம் அதே கூரைக்குக் கீழே போய்விடும்.

ஏஜென்டுக்கு மரியாதையாக இப்படி எழுதுங்கள்: “எங்களுக்குச் சொந்தமாக மோர்கேஜ் புரோக்கர் இருக்கிறார். எங்கள் ஒஃபரை விற்பவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டீர்களா என்று தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள்.” சண்டை வேண்டாம், சட்டப் பிரிவு எல்லாம் எழுதவும் வேண்டாம். இந்த இரண்டு வசனம் போதும். அப்படியும் மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். எட்டுக் கிழமைக்குள் தீர்வு வராவிட்டால் ஏஜென்ட்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ப்ரொப்பர்ட்டி ஒம்புட்ஸ்மனிடமோ ப்ரொப்பர்ட்டி ரிட்ரெஸிடமோ போகலாம். ஒவ்வொரு ஏஜென்டும் இந்த இரண்டில் ஒன்றில் சேர்ந்திருக்கவேண்டும். வாங்க வந்தவரும் முறையிடலாம், கட்டணம் இல்லை.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வங்கி தரும் உச்சம் ஒன்று. இந்த வீட்டுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சம் இன்னொன்று. இரண்டாவதைக் கண்டுபிடிக்க லாண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரச காணிப் பதிவகத்தின் விற்பனை விலைகளைப் பாருங்கள். 1995 முதல் விற்ற வீடுகளின் விலை இணையத்தில் இலவசமாக இருக்கிறது. கடைசி ஒன்றிரண்டு மாத விற்பனைகள் அதில் ஏறத் தாமதமாகும், அது மட்டும்தான் குறை. அதே தெருவில், அதே அளவு வீடு என்ன விலைக்குப் போனது? அந்த வீட்டில் குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தார்களா? நீங்கள் பார்த்த வீட்டில் அப்படிக் கட்டியிருந்தால், அதற்கான கவுன்சில் சான்றிதழ் இருக்கிறதா? இதை ஏஜென்டிடம் இன்றைக்கே கேளுங்கள். பொய்லருக்கு எத்தனை வயது, கூரை எப்போது போட்டது என்பதையும் கேளுங்கள். தோர்ன்டன் ஹீத் பக்கம் பழைய வரிசை வீடுகள் நிறைய. புது பெயின்ட் வாசம் அடித்தால் ஈரம் இருக்கிறதா என்று நான் சுவரின் கீழ்ப்பகுதியைக் கையால் தொட்டுப் பார்ப்பேன்.

பிறகு கணவரும் நீங்களும் பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து ஒரு எண்ணை எழுதுங்கள். இதற்கு மேல் ஒரு ஆயிரத்தில் வீடு கைநழுவினாலும் “பரவாயில்லை, போகட்டும்” என்று சொல்ல முடிகிற எண். கடைசி விலைப் போட்டியில் இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று நம்பி ஒளித்து வைக்காதீர்கள்; அந்த எண்ணையே போடுங்கள். முழு எண்ணாக மட்டும் போடாதீர்கள். கோயிலுக்கு 1001 என்று எழுதுகிற கை நம்முடையது. 460,000 என்று நாலு பேர் எழுதுவார்கள். 461,250 என்று எழுதுகிறவர் முன்னால் நிற்பார்.

மச்சான் சொன்னதைச் செய்யவேண்டாம். 475,000 க்கு ஒத்துக்கொண்டு, வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து 455,000 தான் பெறுமதி என்றால் என்ன ஆகும்? 90 வீதக் கடன் என்றால் வங்கி தருவது 409,500. மீதி 65,500 உங்கள் கையிலிருந்து வரவேண்டும். பத்து வீதக் கணக்கில் நீங்கள் வைத்திருப்பது 47,500. பதினெட்டாயிரத்துக்கு எங்கே போவீர்கள்? அதோடு, குறைப்பதற்காகவே கூட்டிப் போட்டவர் என்று தெரிந்தால் ஏஜென்ட் இரண்டாவது ஆளிடம் போய்விடுவார். உங்களுக்குச் சர்வே காசும் போய், மூன்று மாதமும் போய்விடும்.

ஒஃபரைப் போனில் சொன்னாலும் பின்னாலேயே எழுத்தில் அனுப்புங்கள். தொகை, “ஒப்பந்தத்துக்கும் சர்வேக்கும் உட்பட்டது” என்ற சொல், முதல் வீடு, செயின் இல்லை, டிப்பொசிட் எவ்வளவு, வங்கிக் கடிதம் இணைப்பில், சொலிசிட்டர் பெயர், விற்பவருக்கு வசதியான நாளுக்கு ஒத்துப்போவோம் என்பது, ஏற்றுக்கொண்டால் வீட்டை மார்க்கெட்டிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்பது. இதற்குப் பத்து வரி போதும். அந்த வீட்டை ஏன் விரும்புகிறீர்கள் என்று ஒரு வரி சேர்ப்பதில் தவறில்லை. முப்பது வருடம் வாழ்ந்த வீட்டை விற்கிற வயோதிபர்கள் அதைப் படித்து மனம் இளகியதை நான் கண்டிருக்கிறேன்.

“முதல் வீடு” என்று எழுத முன் ஒன்றை யோசியுங்கள். ஊரில் உங்கள் பெயரில் சீதன வீடு இருக்கிறதா? உலகில் எங்கே வீடு இருந்தாலும் இங்கே உங்களை முதல் வீடு வாங்குகிறவராக எடுக்கமாட்டார்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள கணக்கின்படி 460,000 வீட்டுக்கு, முதல் வீடு என்றால் ஸ்டாம்ப் டியூட்டி, அதாவது வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி, 8,000. அந்தச் சலுகை இல்லாவிட்டால் 13,000. ஊர் வீட்டின் பெறுமதி 40,000 பவுணோ அதற்கு மேலோ என்றால், இரண்டாவது வீடு என்று 5 வீதம் கூடச் சேர்ந்து 36,000 வரை போகலாம். யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கிற கல்யாண வீட்டை மறந்துபோய் ஒஃபர் போட்டு, கடைசியில் அழுத பெண்கள் இருக்கிறார்கள். இன்றைக்கே சொலிசிட்டரிடம் சொல்லுங்கள்.

ஒஃபர் ஏற்றுக்கொள்ளப்பட்டாலும் அது சட்டப்படி உங்களைக் கட்டாது, விற்பவரையும் கட்டாது. ஒப்பந்தங்கள் கைமாறும் நாள் வரைக்கும் யாரும் விலகலாம். அதற்கிடையில் இன்னொருவர் கூடப் போட்டால் ஏஜென்ட் அதையும் விற்பவரிடம் சொல்லத்தான் வேண்டும். அதற்கு ஒரே காப்பு வேகம். சொலிசிட்டர் கேட்கும் காகிதத்தை அன்றைக்கே அனுப்புங்கள், சர்வேயை முதல் கிழமையிலேயே போடுங்கள், பத்து நாளுக்கு ஒருமுறை ஏஜென்டுக்குப் போன் எடுங்கள். விலை பேசும்போது எதிர்ப்பக்கம் நின்ற அதே ஆள் இப்போது உங்களோடு சேர்ந்து தள்ளுவார். அவருக்கும் கமிஷன் வரவேண்டும்.

கேள்வி: டிப்பொசிட்டில் 20,000 சீட்டுக்காசு. 15,000 கனடாவில் இருக்கும் அண்ணன் தருகிறார். ஒஃபர் ஏற்றுக்கொண்டபின் ஏஜென்ட் பாஸ்போர்ட்டும் வங்கிக் கணக்கு விபரமும் கேட்கிறார். அவருக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறதா? – வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: இருக்கிறது தம்பி. கறுப்புப் பணத்தைத் தடுக்கும் 2017 ஆம் ஆண்டு விதிகளின்படி ஏஜென்ட் விற்பவரை மட்டுமல்ல, வாங்குகிறவரையும் யார் என்று சரிபார்க்கவேண்டும். காசு எங்கிருந்து வருகிறது என்று சொலிசிட்டரும் வங்கியும் இதைவிட ஆழமாகக் கேட்பார்கள். அதைச் சந்தேகப்படுகிறார்கள் என்று எடுக்காதீர்கள்.

அண்ணன் காசு சுலபம். இது அன்பளிப்பு, திருப்பித் தரவேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கு இல்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய பாஸ்போர்ட் பிரதி, காசு எப்படிச் சேர்ந்தது என்று காட்டும் அவருடைய கணக்கு விபரம். கனடாவிலிருந்து இவை வந்து சேர நாளாகும், இன்றைக்கே கேட்டு வையுங்கள். உண்மையில் அது கடன் என்றால் அன்பளிப்பு என்று எழுதவேண்டாம். அண்ணனையும் உங்களையும் சேர்த்து மாட்டிவிடும்.

சீட்டுதான் சிக்கல். நமக்கு அது நாணயத்தில் நடக்கிற விஷயம். வங்கிக்கு அது விளங்காது. ஆகக் கடைசிச் சீட்டை எடுத்திருந்தால், இவ்வளவு மாதம் நீங்கள் கட்டியதுதான் சேர்ந்து வந்திருக்கிறது, அது சேமிப்பு. ஆரம்பத்திலேயே கழிவு போக எடுத்துவிட்டு இன்னும் இருபது மாதம் கட்டவேண்டியிருந்தால், வங்கியின் கண்ணில் அது கடன், மாதம் 800 பவுண் கட்டுகிறீர்கள் என்றால் அவ்வளவும் உங்கள் செலவு. ஒஃபர் போட முன்னரே இதை மோர்கேஜ் புரோக்கரிடம் திறந்து சொல்லுங்கள். மாதக் கட்டணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அதைக் காட்டலாம். கையில் காசாகக் கொடுத்து, கையில் காசாக வாங்கி, ஒரே நாளில் 20,000 ஐக் கணக்கில் போட்டிருந்தால் பல சொலிசிட்டர்கள் அந்தக் காசைத் தொடமாட்டார்கள். எங்கள் அலுவலகமும் தொட்டதில்லை. பிரித்துப் பிரித்துப் போட்டால் தெரியாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்படிச் செய்வதுதான் பெரிய குற்றமாகப் போய் முடியும். வீடு வாங்கும் எண்ணம் இருக்கிற எல்லாரும் இன்றைய சீட்டையே வங்கி மூலம் கட்டுங்கள், சீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: சர்வேயில் பின் சுவரில் ஈரமும், கூரையில் பழுதும் வந்திருக்கிறது. ஏஜென்ட், “பழைய வீடு என்றால் இப்படித்தான்” என்கிறார். விலை குறைத்துக் கேட்கலாமா? – வாசகர், இல்ஃபோர்ட்

பதில்: கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் “பத்தாயிரம் குறையுங்கள்” என்று மொட்டையாகக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். கூரை வேலைக்காரர் ஒருவரையும், ஈரத்துக்கு இன்னொருவரையும் கூப்பிட்டு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ஈரத்தைப் பார்க்க மருந்து விற்கும் நிறுவனத்தின் ஆளைவிட, விற்க எதுவும் இல்லாத தனி சர்வேயர் நல்லது. சர்வேயின் அந்தப் பக்கங்களையும் மதிப்பீட்டையும் சேர்த்து அனுப்பி, நடுவில் ஒரு தொகையைக் கேளுங்கள். கூரையே பெயரப் போகிறது என்றால் முழுத் தொகையும் கேட்கலாம். கூரை பழையது என்று பார்க்கப் போன அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்திருந்தால் அதற்காக இப்போது பேரம் பேசுவது சரியல்ல.

இன்னொன்று, இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். ஒப்பந்தம் கைமாறுவதற்கு முதல் நாள் வரை பேசாமல் இருந்துவிட்டு, லொறிக்குச் சொல்லி வைத்திருக்கிற விற்பவரின் கழுத்தைப் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. நான் தடுப்பேன்.

கேள்வி: வீட்டு விளம்பரத்தில் “இணைய ஏலம்” என்று போட்டிருக்கிறது. விலை மற்ற வீடுகளைவிடக் குறைவு. போகலாமா? – வாசகி, ஹரோ

பதில்: அந்த விலை ஆரம்ப விலை, அந்த விலைக்கு வீடு கிடைக்காது. வென்றவுடன் முன்பதிவுக் கட்டணம் என்று பல ஆயிரம் பவுண் கட்டவேண்டியிருக்கும். பெரும்பாலும் அது வீட்டு விலைக்கு மேலதிகம், நீங்கள் விலகினால் திரும்ப வராது. வழக்கமாக 56 நாளுக்குள் எல்லாம் முடியவேண்டும், மோர்கேஜில் வாங்குகிறவருக்கு அது இறுக்கமான காலம். விலை கேட்க முன் அவர்கள் தரும் சட்டக் காகிதக் கட்டை ஒரு சொலிசிட்டரிடம் காசு கொடுத்துப் படிக்க வையுங்கள். கட்டணம் எவ்வளவு, யார் கட்டுவது என்பதை ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.